கவிமணி என்னும் ஆசிரியர்

உழுதுண்டு வாழும் குடியிற் பிறந்த நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரே கால்வாயிலிருந்து நீர் பாய்ந்தாலும் எல்லா வயலும் ஒரே தன்மையன அல்ல. மேட்டு வயல் நீரை நிறுத்தாது. பள்ள வயல் நீரை வடிய விடாது. கடைமடை வயலோ முறை வரும் நாள் பார்த்து வாய்க்காலை நோக்கிக் காத்துக்கிடக்கும். நல்ல உழவன் இவை யாவற்றையும் அறிந்து, மேட்டிற்கு வேண்டியதை மேட்டிற்கும், பள்ளத்திற்கு வேண்டியதைப் பள்ளத்திற்கும் செய்வான். எல்லா வயலுக்கும் ஒரே அளவாக நீர் விட்டுவிட்டு, விளையாத வயலைக் குறை கூறுபவன் உழவன் ஆகான்.

வகுப்பறையும் இத்தகையதே. நாற்பது பிள்ளைகள் ஓர் அறையில் அமர்ந்திருந்தால், நாற்பது மனங்கள், நாற்பது வீட்டு வாசனைகள், நாற்பது வகைப் பசிகள் அங்கே கூடியிருக்கின்றன. விரைவில் பற்றிக்கொள்ளும் பிள்ளை ஒன்று. பத்து முறை கேட்டாலன்றி மனத்திற் பதியாத பிள்ளை மற்றொன்று. வீட்டிற் புத்தகம் உள்ள பிள்ளை ஒன்று. விளக்கெண்ணெய்க்கும் வழியற்ற பிள்ளை மற்றொன்று. இவர்கள் அனைவர்க்கும் பயன்படுமாறு ஓர் ஆசிரியர் எங்ஙனம் கற்பிப்பது? இவ்வினா இன்றும் ஆசிரியர்களை வருத்தி நிற்கின்றது. இதற்கு நம் நாஞ்சில் நாட்டிற் பிறந்த பேராசிரியர் ஒருவர் தம் வாழ்நாளையே விடையாகத் தந்து சென்றார். அவரை நாடு முழுதும் கவிஞர் என்றே அறியும். அவர் முதலில் பள்ளி ஆசிரியர் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். அவரே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள். அவருடைய சரிதத்தை ஆசிரியத் தொழிலை முதன்மையாகக் கொண்டு இங்கே எழுத முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

சுசீந்திரத்திற்கு அணித்தாக, பரந்த குளமும் பசிய வயல்களும் சூழ விளங்குவது தேரூர் என்னும் ஊர். அவ்வூரில் 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் சிவதாணுப் பிள்ளையவர்களுக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் புதல்வராக நம் கவிமணி தோன்றினார். ஒன்பது வயதிலேயே தந்தையை இழந்தார். தந்தையை இழந்த பிள்ளையின் படிப்பு எத்தனை இடையூறுகளுக்கு உள்ளாகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. தாயாரின் அன்பும் தம் முயற்சியுமே அவர்க்குத் துணையாயின.

அக்காலத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு தாலுகாக்களும் அடங்கிய நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. மக்கள் பேசும் மொழி தமிழ். அரசின் மொழியோ மலையாளம். ஆதலால் ஐந்து வயதில் பள்ளி புகுந்த அப்பிள்ளை மலையாளம் கற்கவேண்டியவரானார். அன்னையின் மடியிற் கேட்ட மொழி வேறு, ஆசிரியரின் வாயிற் கேட்ட மொழி வேறாயிற்று. வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் இடையே நின்று திகைக்கும் பிள்ளையின் நிலை எத்தகையது என்பதைப் பிற்காலத்தில் ஆசிரியராகிய அவர் நூல்களிற் படித்து அறியவேண்டிய அவசியம் இல்லாது போயிற்று. அதனைத் தாமே பட்டு அறிந்தவர் அவர்.

ஆயினும் அத்தீமையிலும் ஒரு நன்மை விளைந்தது. தேரூரை அடுத்த வாணன்திட்டில் திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவராக விளங்கிய சாந்தலிங்கத் தம்பிரான் அவர்கள் இப்பிள்ளையின் அறிவு நுட்பத்தைக் கண்டு, தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தார்கள். பள்ளியிற் கிடைக்காத தமிழ் மடத்திற் கிடைத்தது. பல பிள்ளைகளோடு ஒருவராய் இருந்து பெறாததை, ஒருவர்க்கு ஒருவராய் இருந்து பெற்றார். ஓர் ஆசிரியர் ஒரு மாணாக்கனின் குறை இன்னது எனக் கண்டு அதனை நிறைத்தால் என்ன விளையும் என்பதற்குத் தாமே சான்றாக நின்றார்.

நாட்டில் நிலவிய கல்வி

கவிமணியின் பணியை உணர்வதற்கு, அவர்க்கு முன் இந்நாட்டில் கல்வி யாருக்கு உரியதாக இருந்தது என்பதைச் சிறிது காணல் வேண்டும். பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு சாலையை நிறுவினான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அச்சாலையில் 95 சட்டர்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. அவ்விடங்களும் வேத சாகைகளின்படி 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டிருந்தன. சிறந்த ஏற்பாடே, ஆயினும் அந்தச் சாலையின் வாசலில் உழவன் மகனுக்கும், குயவன் மகனுக்கும், எவ்வீட்டு மகளுக்கும் இடமில்லை. கவிமணியவர்களே பிற்காலத்தில் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து 1939-இல் நூல் எழுதினார் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

பின்னர்த் திண்ணைப் பள்ளிகள் பெருகின. மணலில் விரலால் எழுதுவதும், சட்டாம்பிள்ளை சிறுவர்க்குச் சொல்லிக்கொடுப்பதும் அவற்றின் முறை. சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதி ஒன்றைக் கண்காணித்த ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, 1797-இல் நூலாக எழுதி இங்கிலாந்திலும் பரப்பினார். திண்ணைப் பள்ளியில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் வேகத்தில் ஏட்டை முடித்துச் சென்றது. அனைவரும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடிக்கவேண்டும் என்னும் நிர்ப்பந்தம் இல்லை. ஆனால் பொருள் அறியாது நெட்டுருப் போடுதலும், பிரம்படியும், குலம் பார்த்துச் சேர்த்தலும் அதன் குற்றங்கள்.

1817-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசியார் கௌரி பார்வதி பாய் அவர்கள் குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று கட்டளை பிறப்பித்தார்கள். அதனை அடுத்து, லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கென்று பள்ளி நடத்தினார். இங்ஙனம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. முன்பு கல்வியின் வாசனையே அறியாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கினர். பள்ளியின் கதவு திறந்தது. ஆனால் பாடத்தின் கதவு திறக்கவில்லை. பாடம் பழைய பாடமே, நடை பழைய நடையே. உள்ளே வந்த பிள்ளை உட்கார்ந்திருந்ததேயன்றிக் கற்றதில்லை. இக்குறையை நீக்க வந்தவரே நம் கவிமணி.

ஆசிரியத் தொழில்

கல்வியை முடித்த தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் ஆசிரியத் தொழிலையே மேற்கொண்டார்கள். கோட்டாற்றுப் பள்ளியிலும், பின்பு நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், அதன்பின் திருவனந்தபுரத்தில் பெண்கள் போதனாமுறைப் பாடசாலையிலும் கல்லூரியிலும் பணியாற்றி, 1931-இல் ஓய்வு பெற்றார்கள். இடையில் 1901-ஆம் ஆண்டு புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையாரை மணந்தார்கள். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. தமக்கெனப் பிள்ளை இல்லாதவர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பாடித் தந்தார் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் உருகுகின்றது.

கோட்டாறு அக்காலத்திலேயே பெருஞ்சந்தை ஊர். வணிகர், நெசவாளர், கைத்தொழிலாளர், வண்டியோட்டிகள், உழவர் எனப் பலதிறத்தாரும் கலந்து வாழுமிடம். இந்துக்களும், கிறிஸ்தவர்களும், முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வசிப்பவர்கள். அத்தகைய ஊரில் ஆரம்ப வகுப்பில் நிற்கும் ஆசிரியர்க்குத் தம் முன்னே இருக்கும் பிள்ளைகளின் வேற்றுமை கண்ணாற் காணத்தக்கதாக இருந்திருக்கும்.

வேற்றுமை ஊரளவில் மட்டும் நின்றதன்று. நம் வீட்டினுள்ளேயும் இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளராகிய நம்மிடையே மருமக்கள்வழி என்னும் தாய முறை நிலவிற்று. காரணவரின் சொத்து உடன்பிறந்தாளின் மக்களுக்குச் செல்லும். பெற்ற மக்களுக்கோ உகந்துடைமை என்று ஒரு சிறு பகுதியே. ஒரே வகுப்பில், ஒரே பலகையில், ஒரு காரணவரின் மருமகனும் அவர் பெற்ற மகனும் அருகருகே அமர்ந்திருப்பர். முன்னவனுக்கு நிலமும் வீடும் காத்திருக்கும். பின்னவனுக்குக் கல்வி ஒன்றே முதலாகும். ஆயினும் கல்விச் செலவுக்கும் கைப்பொருள் வேண்டுமே! செல்வம் உடையவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, நாட்டம் உடையவனுக்குச் செல்வமில்லை என்னும் நிலை நம் குடும்பங்களிலே கண்கூடு. இதனை நன்கறிந்த ஆசிரியர், பிள்ளைகளின் மந்தத்தை அவர்களுடைய குற்றமாகவே கருதிவிட இயலாது.

பாட்டால் வந்த விடை

அக்காலத்துப் பிள்ளைகள் முதலிற் கற்றவை நீதி நூல்கள். அவை ஒப்பற்றவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பொருள் விளங்காத சொற்றொடரை ஆயிரம் முறை ஒப்பித்தாலும் அதன் மனத்தில் என்ன பதியும்? வீட்டிலே அப்பனோ அண்ணனோ பொருள் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை மேலேறும். அத்துணை இல்லாத பிள்ளை கீழே தங்கும். பாடம் கடினமாக இருந்தால், அதன் சுமையை வீடு தாங்கவேண்டும். தாங்கும் வீடு சிலவே. ஆகவே கடினமான பாடம் ஏழைப் பிள்ளையின்மேல் மறைமுகமாக விதிக்கப்படும் வரியாகவே முடிந்தது.

கவிமணி இதற்குக் கண்ட வழி எளிய பாட்டு. பசுவும் கன்றும், கிளி, காக்கை, கோழி, பொம்மைக் கல்யாணம், அப்பம் திருடிய எலி, நெற்பானையைத் தேடி வந்த எலி, இவையே அவர் பிள்ளைகளுக்குத் தேர்ந்த பொருள்கள். இவற்றில் எந்த வீட்டுப் பிள்ளை அறியாதது உண்டு? குடிசைப் பிள்ளையும் மாடிவீட்டுப் பிள்ளையும் ஒருங்கே கண்டவை. இந்துப் பிள்ளைக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் பொதுவானவை. கன்று தாயிடம் ஓடுவதையும், தாய் அதனை நாவால் நக்குவதையும் காணும் பிள்ளை, தன் தாயை நினைக்கும். அதற்கு உரை வேண்டுவதில்லை, உரையாசிரியரும் வேண்டுவதில்லை.

இப்பாட்டு ஒரு வகுப்பில் எங்ஙனம் வேலை செய்கின்றது என்பதைச் சற்று நுணுகி நோக்குவோம். எழுத்தறியாத பிள்ளை அதனைக் காதாற் கற்கும். எழுத்தறியத் தொடங்கிய பிள்ளை, தான் முன்பே மனனம் செய்த அடியை ஏட்டில் விரல் வைத்துத் தேடிக் கண்டு மகிழும். கூச்சமுடைய பிள்ளை தனியே வாய் திறவாவிடினும் கூட்டத்தோடு சேர்ந்து பாடும். பாடப் பாடக் கூச்சம் தெளியும். வீட்டில் மலையாளமோ வேறு மொழியோ பேசும் பிள்ளைக்கு, ஒத்த ஓசையும் திரும்பத் திரும்ப வரும் சொல்லும் தமிழின் உச்சரிப்பைப் பழக்கும். புத்தகம் வாங்க இயலாத பிள்ளைக்குப் பாட்டே புத்தகம். அதனை எவரும் பறிக்க இயலாது. கண்பார்வை அற்ற பிள்ளைக்கும் அது தடையின்றிச் செல்லும். விரைவறிவு உடைய பிள்ளையோ அதே பாட்டில் அணியையும் ஓசை நயத்தையும் கண்டு, தானும் ஓரடி கட்டிப் பார்க்கும். ஒரே பாடம், அவரவர் கைப்பாத்திரத்தின் அளவிற்கு ஏற்ப நிறைகின்றது. பாடத்தைத் தாழ்த்தி மந்தப் பிள்ளைக்குத் தருவதும், உயர்த்தி நுண்ணறிவுடைய பிள்ளைக்குத் தருவதும் ஆகிய இரண்டும் இன்றி, இருவரும் ஒருங்கே நுழையத்தக்க அகன்ற வாயில் ஒன்றை அவர் அமைத்தார். ஆசிரியத் தொழிலின் மறைபொருள் இதுவே என்று துணிந்து கூறலாம்.

எளிமை என்பது எளிதில் வருவதன்று. பண்டை இலக்கியத்திலும் கல்வெட்டிலும் ஆழ்ந்த புலமையுடைய ஒருவர், பிள்ளையின் வாயிற் புகும் சொல்லையே தேடித் தேடி எடுப்பதற்குப் பேரடக்கம் வேண்டும். கற்றதைக் காட்டவேண்டும் என்னும் ஆசையை வென்றவரே பிள்ளைகளுக்கு ஆசிரியராதல் கூடும். அவருடைய கவிதைகள் 1938-இல் மலரும் மாலையும் என்னும் பெயரால் தொகுக்கப்பட்டபோது, பிள்ளைப் பாட்டுகளுக்கு மழலை மொழி என்று தனிப் பகுதியே அமைந்தது. 1941-இல் குழந்தைச் செல்வம் என்னும் நூலும் வெளிவந்தது. அக்காலத்திலேதான், 1939-இல் இந்தியாவிற்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றில் தங்கி, பிள்ளை தன் போக்கில் கற்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றினார். இத்தாலியிற் பிறந்த அவ்வம்மையாரும் தேரூரிற் பிறந்த நம் கவிமணியும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே உண்மையை அடைந்தனர். பிள்ளையைப் பாடத்திற்கு ஏற்ப வளைப்பதன்று, பாடத்தைப் பிள்ளைக்கு ஏற்ப அமைப்பதே கல்வி என்பதே அவ்வுண்மை.

பெண்களுக்கு ஆசிரியர்

கவிமணியின் ஆசிரிய வாழ்வில் ஒரு பெரும் பகுதி பெண்களுக்குக் கற்பிப்பதிலேயே கழிந்தது. அதிலும் ஆசிரியைகளாகப் போகும் பெண்களுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். ஒரு விளக்கிலிருந்து நூறு விளக்கு ஏற்றுவது போன்றது அப்பணி. ஓர் ஆசிரியையைப் பயிற்றினால், அவ்வம்மையார் செல்லும் ஊரெல்லாம், வகுப்பெல்லாம், ஆண்டெல்லாம் அப்பயிற்சி செல்லும். பெண் மக்களைப் பள்ளிக்கு அனுப்புவதையே குடும்பத்திற்கு இழுக்கு எனக் கருதிய காலம் அது. நம்மவரும் அக்கருத்திற்கு விலக்கானவரல்லர். ஆசிரியை இருந்தால் பெண்ணை அனுப்பலாம் என்று மனமிரங்கும் பெற்றோர் சிலர் இருந்தனர். ஆதலால் ஆசிரியைகளை உண்டாக்குவது பெண் கல்விக்கு வாயில் திறப்பதாகவே ஆயிற்று. பெண்களின் உரிமைகளைப் பற்றி அவர் பாடிய கவிதைகள் இவ்வனுபவத்தின் பயனே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தம்மவரைத் திருத்தியது

பிறரைக் குறை கூறுவது எளிது. தம் இனத்தாரின் குறையைத் தம் இனத்தார் முன்னே எடுத்துரைப்பது அரிது. கவிமணி அவ்வரிய செயலைச் செய்தார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்னும் நகைச்சுவைக் காவியத்தில், ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியாகிய பெண்ணொருத்தியின் வாயில் வைத்து, நம் குடும்பங்களில் மலிந்த வழக்குகளையும், பெற்ற பிள்ளைகளும் மனைவியரும் படும் துயரையும், மாமியர் கொடுமையையும், வீண் செலவையும் சொல்லிக் காட்டினார். அது திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த தமிழன் என்னும் பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. படித்தோர் முதலில் நகைத்தனர், பின்பு நாணினர், இறுதியில் மாற்றம் வேண்டினர். 1926-ஆம் ஆண்டில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி, பெற்ற மக்களுக்குச் சொத்துரிமை உறுதிப்படுவதற்கு வழி பிறந்தது. சட்டம் பலருடைய முயற்சியால் வந்தது. எனினும் அதற்கு மனத்தைப் பண்படுத்தியதில் அக்காவியத்திற்குப் பங்குண்டு என்பதை நம் முன்னோர் ஒப்பினர். தந்தையின் பொருள் தன் பிள்ளையின் படிப்புக்கு உதவும் நிலை வந்தபோது, வகுப்பறையின் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு நீங்கலாயிற்று. ஆகவே இதனையும் ஆசிரியப் பணியாகவே யாம் எண்ணுகின்றோம்.

இதனினும் கடுமையான ஏற்றத்தாழ்வு ஒன்று இருந்தது. நம் இல்லத்திற்கும் வயலுக்கும் உழைத்தோரின் பிள்ளைகளைத் தெருவிலும் கோயிலிலும் பள்ளியிலும் விலக்கி வைத்த கொடுமையே அது. அதில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு, மறைப்பதில் பயனில்லை. கவிமணி பிறந்த தேரூருக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில் 1926-இல் கோயில் தெருக்களில் யாவரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. கவிமணி கூட்டம் கூட்டிப் போர் புரிந்தவர் அல்லர். எழுத்தே அவருடைய கருவி. தீண்டாதோர் விண்ணப்பம் என்னும் கவிதையில், விலக்கப்பட்டவரின் குரலாகத் தாமே நின்று பேசினார். எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் சரிதத்தைத் தழுவி 1941-இல் வெளியிட்ட ஆசிய ஜோதியில், களைத்து விழுந்த புத்தர்பிரானுக்குப் பால் அளிக்க அஞ்சி நிற்கும் ஆட்டிடைச் சிறுவனைக் காட்டுகின்றார். தான் தாழ்ந்த குலத்தவன், தொட்டால் தீட்டாகும் என்று அச்சிறுவன் ஒதுங்க, மனிதரின் இரத்தத்திலும் கண்ணீரிலும் குலம் பிரித்தறிய முடியாது என்று புத்தர்பிரான் அவனைத் தேற்றுகின்றார். வகுப்பின் கடைசியில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கண்ட ஆசிரியரின் உள்ளமே அவ்விடத்தில் பேசுகின்றது என எமக்குத் தோன்றுகின்றது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா அவர்கள் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார்கள். நாட்டின் மனப்போக்கு மாறலாயிற்று.

ஓய்வும் முடிவும்

ஓய்வு பெற்ற கவிமணி புத்தேரியில் அமைதியாக வாழ்ந்தார். வையாபுரிப் பிள்ளையவர்களும், ரசிகமணி சிதம்பரநாத முதலியாரவர்களும் அவருடைய கவிதையின் அருமையை நாடறியச் செய்தனர். 1940-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற தமிழ் மாநாட்டில், தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளையவர்கள் கவிமணி என்னும் பட்டத்தை வழங்கினார்கள். உமர்கய்யாம் பாடல்கள் 1945-இல் வெளிவந்தன. பட்டமும் புகழும் வந்தபோதும், அவர் தம் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. தம் சொல்லையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தமது 78-ஆம் வயதில் அவர் இறைவன் திருவடி அடைந்தார். அதற்கு இரண்டாண்டுகட்குப் பின்னர், 1956 நவம்பர் 1-ஆம் நாள் நாஞ்சில் நாடு தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. மலையாளம் கற்குமாறு பள்ளிக்கு அனுப்பப்பட்ட அப்பிள்ளை அந்நாளைக் கண்ணாற் காணவில்லை. ஆனால் அவருடைய பாட்டுகள் தமிழகத்துப் பள்ளிகள் தோறும் முன்னமே நுழைந்திருந்தன. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நம் கடமை

சரிதத்தைப் படித்து மகிழ்ந்துவிட்டு ஏட்டை மூடிவைப்பதற்காக இதனை எழுதவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75 பேர், தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே முதலிடம். பெருமைக்குரியதே. ஆனால் எழுத்தறிந்தோர் தொகையைக் கொண்டு வகுப்பறையில் ஒவ்வொரு பிள்ளையும் கற்கின்றது எனக் கொள்ளுதல் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் உடற்குறையும் அறிவுக்குறையும் உடைய பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து கற்கும் உரிமையை உறுதி செய்தது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை வயதால் மட்டும் அளவாமல், அவர்கள் நிற்கும் படிக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் கண்டு கற்பிக்க முற்பட்டது. அரும்பை அடித்து மலர்விக்க முடியாது என்பதைக் கவிமணி அன்றே அறிந்திருந்தார்.

இனி நாம் செய்யத்தக்கன சில உண்டு. நம் வீட்டுப் பிள்ளை முதல் மதிப்பெண் பெற்றதா என்று மட்டும் வினவுவதை விட்டு, அதனருகே அமர்ந்த பிள்ளைக்குப் பாடம் விளங்கிற்றா என்றும் வினவுவோமாக. மெல்லக் கற்கும் பிள்ளையைப் பிறர் முன்னே பழித்தல் நம் இல்லங்களில் ஒழிவதாக. சங்கத்தின் கல்வி உதவி, நன்கு படிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பதோடு நில்லாமல், தட்டுத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் துணை நின்று சொல்லிக்கொடுப்பதாகவும் விரிவதாக. அவ்வாறு கூடும் இடத்தில், அக்கம்பக்கத்துப் பிள்ளை எக்குலத்ததாயினும் இடம் பெறுவதாக. கவிமணியின் பாட்டைக் குலம் பார்த்து யாரும் பாடுவதில்லை. அவரை நம்மவர் என்று சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவருடைய பாட்டிற்கு இருந்த அகலம் நம் திண்ணைக்கும் இருக்குமாறு செய்தலே அப்பெருமைக்குத் தகுதியாவதாகும்.

பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தபோது, கோதையாற்று நீர் நம் வயல்களை நோக்கி வந்தது. நீர் வந்தது என்பதற்காக உழவன் உறங்கிவிடவில்லை. கடைமடை வரை அது சென்றதா என்று மண்வெட்டியுடன் வரப்பில் நடந்து பார்த்தான். கல்வி என்னும் நீரும் இன்று நம் நாட்டில் நிறைந்து ஓடுகின்றது. அது வகுப்பின் கடைசிப் பலகையில் இருக்கும் பிள்ளையை அடைந்ததா என்று நடந்து பார்க்க வேண்டியவர்கள் நாம். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவிக்கத் தெரிந்த கைகளுக்கு இது கூடாத செயலன்று.